பிர்ச் தோப்புக்குப் பின்னால் நாலாம் தரம்

இப்போதெல்லாம் ஆளை வேலையை விட்டுத் துரத்தும்போது கேக் கொடுக்கிறார்கள்.

நான் இட்டுக்கட்டவில்லை. என் மகள் இவோனா இருபது வருஷம் சோபா உறை தைத்த தொழிற்சாலையில், கடைசி நாளன்று நீளமாக ஒரு மேசை போட்டார்கள். கசகசா கேக்கை வெட்டினார்கள். ஆளுக்கொரு துண்டைக் காகிதத் தட்டில் வைத்து நீட்டினார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள். அத்தனை பேரும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள்! மேலாளர் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தானாம். ஒரு கையால் கை குலுக்கி, இன்னொரு கையால் கதவைக் காட்டுகிறான். இவர்களும் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

எங்கள் காலத்தில் துரத்துகிறவன் துரத்துகிறவன் மாதிரி இருந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரியும். திட்டலாம், தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், மனசு ஆறும். இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே காகிதம் நீட்டுகிறவனை நான் இந்த அறுபத்தெட்டு வயசுவரை நம்பியதில்லை.

சரி, போன வாரம் எங்கே நிறுத்தினேன்? கதவோரம் இருந்த நீலப் பையில்.

ஜெர்மனியில், ப்ரேமன் நகரத்தில், எண்பத்தாறு வயசுக் கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம். சனிக்கிழமை விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வேன் கிளம்புகிறது. இவோனா அதில் ஓர் இடம் சொல்லிவைத்து, பையும் கட்டிவிட்டாள். அவளுடைய புருஷன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூன்று மாத வேலைக்கென்று அயர்லாந்து போனவன். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டில் பயணப் பையைக் கண்டால் யாருக்கும் ஆகாது. என் மனைவி ரெகினா பெருக்கும்போதெல்லாம் அந்தப் பையைத் துடைப்பத்தால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் நகர்வாள்.

இவோனா ஒன்று மட்டும் சொல்லியிருந்தாள். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை கிடைத்தால், இங்கேயே வேறு வேலை தேடுகிறவரை வீட்டில் இருப்பேன். கிடைக்காவிட்டால் வேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் வேன்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமை. இரண்டாயிரத்துப் பதினாலு, மார்ச் மாதம். தெருவோரத்தில் பனி கறுத்துக் கிடந்தது.

*

"அப்பா, நீங்க எதுக்கு? நானே போயிட்டு வந்துடுறேன்" என்றாள் இவோனா.

"நீ கேக் வாங்கிக்கிட்டு வந்தவ. உன்னைத் தனியா அனுப்ப முடியாது" என்றேன்.

என் காகிதங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். நிலவரி ரசீது, பென்ஷன் தாள், கல்யாணச் சான்று, செத்துப்போன பசுவின் மருத்துவச் சீட்டு, எல்லாம் அதில்தான். நான் படித்தது ஐந்து வகுப்பு. காகிதத்தை நம்ப மாட்டேன். நம்பாததால்தான் ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை.

டவுனில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு மெஷின் டோக்கன் துப்பியது. பதினொன்றாம் மேசை. அங்கே முப்பது வயசு இருக்கும் ஒரு பெண். மேசையில் ஒரு கள்ளிச்செடி. அவளும் சிரித்தாள்.

"உக்காருங்க. ஐயா யாரு?"

"அப்பா" என்றாள் இவோனா.

"சாட்சி" என்றேன் நான்.

அந்தப் பெண் கேள்விகளை ஆரம்பித்தாள். கடைசிப் பதினெட்டு மாதத்தில் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டுமாம்.

"இருபது வருஷம் பார்த்திருக்கா" என்றேன்.

"எனக்குப் பதினெட்டு மாசம் போதும் ஐயா." தொழிற்சாலை கொடுத்த பணிச் சான்றைப் புரட்டினாள். "சரியா இருக்கு. நீங்களா விலகினீங்களா, அவங்களா அனுப்பினாங்களா?"

"அவங்கதான்" என்றாள் இவோனா. "ரெண்டு தாள் வெச்சிருந்தாங்க. சொந்த விருப்பத்துல விலகுறேன்னு எழுதிக் கொடுத்தா ஒரு பரிசுக் கூப்பன் தர்றதா சொன்னாங்க. நான் கையெழுத்துப் போடல. எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு அப்பா சின்ன வயசுல இருந்து சொல்லுவார்."

"நல்லவேளை. போட்டிருந்தீங்கன்னா மூணு மாசம் காத்திருக்கணும். இப்ப ஏழே நாள்தான்."

நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவோனா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நாற்பத்து மூன்று வயசாகிறது, இன்னும் அந்தச் சிமிட்டல் போகவில்லை.

"கூப்பிடுற தேதியில நேர்ல வரணும். பொருத்தமான வேலை சொன்னோம்னா காரணமில்லாம மறுக்கக் கூடாது. ஒரு நாள் கூலிக்குப் போனாலும் முன்னாடியே சொல்லிடணும். புரியுதா? சரி, உங்க வருமான வரி ஆபீஸ் எது?"

"அது எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"உதவித்தொகையும் வருமானம்தான் ஐயா. வரியை நாங்களே பிடிச்சுக்கிட்டு மீதியைத் தருவோம். வருஷ முடிவுல நாங்க ஒரு தாள் அனுப்புவோம், தொழிற்சாலை ஒரு தாள் அனுப்பும். ரெண்டையும் சேர்த்து ஏப்ரலுக்குள்ள கணக்கு காட்டணும். நிறைய பேர் தொழிற்சாலைத் தாளை மட்டும் காட்டிட்டு எங்க தாளை அலமாரியில போட்டுடுறாங்க. அப்புறம் வரி ஆபீஸ்ல இருந்து கடுதாசி வருது, இங்க வந்து அழறாங்க."

"அரசாங்கமே கொடுத்து, அரசாங்கமே அதுல வரி பிடிக்குமா?"

"ஆமா."

"அப்ப முதல்லயே குறைச்சுக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதற்காக அவளைப் பாராட்ட வேண்டும்.

"அது எனக்குத் தெரியாது ஐயா. நான் பதினொண்ணாம் மேசை."

"அப்பா, பேசாம இருங்களேன்" என்று இவோனா என் முழங்காலைத் தட்டினாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அந்தப் பெண் படித்துக்கொண்டே கேட்டாள்: "விவசாய நிலம் ஏதாவது உங்க பேர்ல இருக்கா?"

"இருக்கு. நிலம் அப்பாவோடது. பேர்தான் என்னோடது" என்றாள் இவோனா.

அந்தப் பெண்ணின் விரல் விசைப்பலகையில் நின்றது. "எவ்வளவு?"

"நாலேகால் ஹெக்டேர்" என்றேன் பெருமையாக. அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"வரி ரசீது இருக்குமா?"

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அவள் ரசீதை வாங்கி, ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது. சிரிப்பு போனதும் அவள் நல்ல பெண்ணாகத் தெரிந்தாள்.

"ரெண்டு ஹெக்டேருக்கு மேல நிலம் இருந்தா சட்டப்படி அவங்க வேலையில்லாதவங்க கிடையாது. விவசாயி. உதவித்தொகை கிடையாது. ஆனா நாலேகாலை அப்படியே எடுத்துக்க மாட்டோம். மண் தரத்தை வெச்சு மாத்தி எண்ணுவோம். நல்ல மண்ணா இருந்தா ஒரு ஹெக்டேர் ஒரு ஹெக்டேர்தான். வெறும் மணலா இருந்தா ஒரு ஹெக்டேரைப் பத்துல ஒரு பங்குன்னு எண்ணுவோம்."

அதாவது காகித ஹெக்டேர். காலால் நடந்து அளக்கிற ஹெக்டேர் வேறு, அவர்கள் எண்ணுகிற ஹெக்டேர் வேறு.

"உங்களுக்கு எவ்வளவு வருதுன்னா..." அவள் ரசீதின் அடியில் விரலை வைத்தாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு ஆறு."

"ரெண்டுதானே எல்லை? அந்தத் துளியூண்டா?" என்றாள் இவோனா.

"துளிதான். ஆனா மேல இருக்கே." அவள் ரசீதை என் பக்கம் திருப்பினாள். "இந்த ஒரு துண்டுதான் தூக்கிவிடுது, பாருங்க. இருநூத்திப் பதினெட்டாம் எண். ஒரு ஹெக்டேர் சொச்சம். நாலாம் தரம். மத்ததெல்லாம் அஞ்சு, ஆறுன்னு மட்டமான மண்ணு."

இருநூற்றுப் பதினெட்டு. வெள்ளைப் பட்டை பிர்ச் மரத் தோப்புக்குப் பின்னால் இருக்கிற நிலம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"இப்போதைக்கு வேலை தேடுறவங்க பட்டியல்ல எழுதிக்கறேன்" என்றாள் அந்தப் பெண். "நிலம் ரெண்டுக்குக் கீழ வந்துட்டா, தாளைக் கொண்டு வாங்க. நானே பதிஞ்சு தரேன்." மீண்டும் சிரித்தாள். சோகமாகச் சிரித்தாள், ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான்.

*

அந்த நிலம் ஏன் இவோனா பேரில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விவசாயிகள் பென்ஷனுக்குப் போனேன். முழுப் பென்ஷன் வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். நோட்டரியிடம் போய் மகள் பேருக்கு எழுதினேன். இவோனா தொழிற்சாலையிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, விரலில் ஊசி குத்தின கட்டோடு கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஒரு தடவைதான் இப்போது அவள் கழுத்தில்.

காரில் ஏறினோம். அவள்தான் ஓட்டினாள்.

"நிலத்தைத் திருப்பி என் பேருக்கு மாத்திடு" என்றேன்.

"மாத்தினா உங்க பென்ஷன்ல பாதியை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

"அம்மாவோட இடுப்பு ஊசிக்கு யார் குடுப்பா? மேலாளரா, கேக் வெட்டி?" அவள் கியரை மாற்றினாள். "விடுங்கப்பா. ப்ரேமன் ஒண்ணும் நிலாவுல இல்ல. ரெண்டு மாசம் அங்க, ஒரு மாசம் இங்க. அந்தக் கிழவர் சாதுவாம். செஸ் ஆடுவாராம்."

"உனக்கு செஸ் தெரியாது."

"கத்துக் குடுப்பாராம்."

எனக்கு அந்தக் கிழவரை முகம் பார்க்காமலே பிடிக்கவில்லை. இங்கே ஒரு கிழவன் இருக்கிறேன், என் தலைமுடியை வெட்டிவிட ஆள் இல்லாமல் போகப்போகிறது. அங்கே ஒருவன் உட்கார்ந்துகொண்டு என் மகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கப் போகிறான்.

"ஒண்ணு செய்யலாம்" என்றாள் திடீரென்று. "அந்தப் பிர்ச் தோப்பு நிலத்தை மட்டும் பாஜிக்குக்கு வித்துட்டா? அவர் பக்கத்துலதானே உழுறார். அது போச்சுன்னா நாம ரெண்டுக்குக் கீழ வந்துடுவோம். பென்ஷனும் போகாது."

"பாஜிக்கா? அந்த மணலை எவன் வாங்குவான்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

இவோனா கார் வேகத்தைக் குறைத்தாள். "எந்த மணலை?"

"ரோட்டைப் பாரு."

"அப்பா. நாலாம் தரம்னு இப்பதான் அந்தம்மா படிச்சாங்க. நம்ம நிலத்துலயே அதுதான் நல்ல நிலம்னு நீங்க சொல்லாத நாள் இல்ல. தாத்தா கல்லறைப் பக்கத்துல நின்னுகூடச் சொன்னீங்க."

"ரோட்டைப் பாருன்னேன்."

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அம்மா மாதிரியே. அந்த மாதிரி உட்கார்ந்தால் நான் என்ன செய்வது? சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷம். ரெகினாவுடைய அப்பா ஒலெண்டர், ஆற்றோரத்தில் கறுப்பு மண்ணாக வைத்திருந்தவர். எங்களுடையது இந்தக் குர்பியே வட்டாரத்து மணல். நடந்தால் ஷூவுக்குள் போகும், விதைத்தால் திரும்பி வராது. 'ஆறாம் தர மண்ணுக்காரனுக்கு என் பொண்ணு கிடையாது' என்று அவர் சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த வருஷம்தான் அரசாங்கத்திலிருந்து மண் தரம் எழுத ஓர் ஆள் வந்தான். ஊரே அவனுக்குச் சாராயம் ஊற்றியது. என் மண்ணை மோசம் என்று எழுது, வரி குறையும் என்று ஒவ்வொருவனும் கெஞ்சினான். நான் ஒருத்தன்தான், புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய், என் மண்ணை நல்லது என்று எழுதச் சொன்னேன்.

"அவன் பயந்துட்டான்" என்றேன். "என்னடா இவன், பைத்தியமான்னு. ரெண்டு தடவை கேட்டான். அப்புறம் எழுதிட்டான். அந்தத் தாளைக் கொண்டுபோய் உங்க தாத்தா மேசையில வெச்சேன்."

"அதுக்கு நாப்பத்தாறு வருஷமா அதிக நிலவரி கட்டியிருக்கீங்களா?"

"கட்டினேன். அதனாலதான் நீ பொறந்த."

இவோனா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தொழிற்சாலை மூடின நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி கண்ணாடிக்குள் குனிந்து, எல்லாம் சரியா என்று சைகையில் கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இவோனா சொன்னாள்: "மண் தரம் தப்பா இருந்தா மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்ப்பா. தொழிற்சாலையில கூட வேலை பார்த்த ஒருத்தி வீட்டுல செஞ்சாங்க. ஆள் வந்து குழி தோண்டிப் பார்ப்பாங்க. மணல்னா மணல்னு எழுதுவாங்க. ரெண்டு புள்ளி ஒண்ணு ஆறு, ஒண்ணேகாலுக்கு வந்துடும்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம். அதுவரைக்கும் கையில இருக்கறதை வெச்சுச் சமாளிக்கணும். ஆனா..." அவள் எஞ்சினைக் கிளப்பினாள். "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். குழி தோண்ட ஆள் வர்ற அன்னைக்கு அம்மா ஜன்னல் வழியா பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

*

ரெகினா புளித்த மாவு சூப்பும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே முகத்தைப் பார்த்தாள்.

"கொடுக்கலையா?"

"முதல்ல சாப்பிடுவோம்" என்றேன்.

"ஸெனெக், சாப்பிடுறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாத விஷயம்னா அது சாப்பிட்ட பின்னாடியும் நல்லதா இருக்காது. சொல்லு."

இவோனா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பன்றித் தொடையிலிருந்து ஆரம்பித்து, காகித ஹெக்டேர் வரை சொல்லி முடித்தேன். ஒலெண்டர் மாமாவின் கண்ணில் அந்தத் தாளைப் பார்த்ததும் வந்த மரியாதையைச் சொன்ன இடத்தில் ரெகினா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த நிலத்துல நான் எத்தனை வருஷம் கிழங்கு போட்டேன்?"

"ரெகினா..."

"முப்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் கோலிக்குண்டு மாதிரி வந்துச்சு. நாலாம் தர மண்ணு, பாஜிக்கோட பொண்டாட்டி அஞ்சாம் தரத்துல மூட்டை மூட்டையா எடுக்கிறா, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு சாம்பல் போட்டேன். முட்டை ஓடு போட்டேன். ஆத்துல இருந்து மீன் தலையா பொறுக்கிட்டு வந்து புதைச்சேன். விதைக்கிழங்கைக் கோயில்ல ரெண்டு தடவை மந்திரிச்சேன், முதல் தடவை சரியா பிடிக்கலையோன்னு. எங்கப்பா சாகற வரைக்கும் இதே மேசையில உக்காந்துக்கிட்டு என்ன சொன்னார்? 'மண்ணு நல்ல மண்ணு, என் பொண்ணு கைதான் வறண்ட கை.' நீ எதிர்ல உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டு இருந்த."

அது உண்மை. நான் சூப் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எருவண்டியை எப்பவும் நான்தானே தள்ளினேன்" என்றேன். மனுஷன் மாட்டிக்கொண்டால் என்னவெல்லாம் சொல்கிறான் பாருங்கள்.

"தள்ளின. எதுக்குத் தள்ளினன்னு இப்பதான் தெரியுது."

"உங்கப்பாகிட்ட இருந்து உன்னை வேற எப்படி வாங்குறது?"

"என்கிட்ட கேட்டியா? அந்தச் சங்கிலி அறுந்த சைக்கிளை ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்து, வாசல்ல நின்னு, 'இந்தப் பக்கம் வேலையா வந்தேன்'னு சொன்னியே, அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். எங்கப்பாவுக்குத்தான் தரம் தேவைப்பட்டுச்சு. எனக்குத் தேவைப்படல." எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மண்வெட்டி எங்க?"

"எதுக்கு?"

"என் கையைப் பார்க்கணும்."

*

பிர்ச் தோப்புக்குப் பின்னால் பனி பாதி கரைந்திருந்தது. ரெகினா யாரையும் தொட விடவில்லை. நான் மண்வெட்டியைக் கேட்டதற்கு, "நீ எழுத வெச்சதே போதும்" என்றாள். மேலே ஒரு சாண் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு அவள் போட்ட சாம்பலும் எருவும். அதற்குக் கீழே மண்வெட்டி சரக்கென்று இறங்கியது. வெள்ளை மணல், வீடு கட்டுகிறவன் கொட்டி வைத்திருப்பானே, அதே மணல். குழியின் ஓரம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து உள்ளே ஓடியது.

ஒரு கை அள்ளினாள். விரல் இடுக்கில் ஒழுகவிட்டாள். மறுபடியும் அள்ளினாள்.

"வறண்ட கையாம்" என்றாள். மணலைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய அப்பாவுக்குத்தான் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அந்த மணலை, ஒரு கைப்பிடி முழுசும், என் மேல்கோட்டுப் பைக்குள் போட்டாள். பை வாயைத் தட்டி மூடினாள். கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"வெச்சிரு. இனிமே நீ கல்லறைப் பக்கத்துல போய் நல்ல நிலம்னு பேச ஆரம்பிச்சா, பைக்குள்ள கைய விட்டுப் பாரு."

இவோனா குழிக்குள் எட்டிப் பார்த்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்தப் போனே அடித்தது. பேரைப் பார்த்தாள்.

"வேன்காரன்."

"வரலைன்னு சொல்லு" என்றாள் ரெகினா.

"அம்மா, ஆபீஸ்ல இருந்து ஆள் வரணும். தோண்டணும். எழுதணும். அந்தத் தாள் டவுனுக்குப் போகணும். அவங்க எழுதலைன்னா நமக்கு உதவித்தொகையும் இல்ல, வேன்ல இடமும் இல்ல." அவள் அழைப்பை எடுத்தாள். "வணக்கம். ஆமா. இல்ல, இன்னும் முடிவாகல. ஆறு மணிக்குச் சொல்றேன். கண்டிப்பா." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க. ஆள் வந்து பார்த்தா, உள்ளதை உள்ளபடி எழுதுவாங்களா?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எந்த ஆபீஸையும் ஒரு நாளும் நம்பாத என்னிடம்தான் கேட்கிறார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இருந்துவிடுவாள். எனக்குத் தெரியும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கேக் வாங்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு நான் இன்னொரு கேக் கொடுப்பதா? இந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு பொய் எழுதியாகிவிட்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் போய் ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"ஆட்டுக்குக் காலையிலயே காட்டியாச்சு" என்றாள் ரெகினா.

நான் திரும்பி நடந்தேன். பின்னால் ரெகினாவின் குரல் கேட்டது: "இந்தப் பக்கமும் ஒண்ணு தோண்டு இவோனா, ஒரே குழியை நம்ப மாட்டாங்க." மண்வெட்டி இறங்கும் சத்தம். சரக், சரக். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

வீட்டுப் பரணில் இரண்டு பன்றித் தொடைகள் தொங்குகின்றன. ஆப்பிள் மரக் கட்டையில் புகைபோட்டவை, ஈஸ்டருக்கென்று வைத்தவை. தரத்தை ஏற்ற ஒன்று போதுமாக இருந்தது. இறக்க எத்தனை வேண்டுமோ, இரண்டையும் கொடுத்துவிடலாம், ஈஸ்டருக்கு முட்டை போதும். ஆனால் இந்தக் காலத்து ஆட்கள் தொடை வாங்குவதில்லை என்கிறார்கள். குழியைப் பார்ப்பார்களாம், இருப்பதை எழுதுவார்களாம், சிரித்துக்கொண்டே போய்விடுவார்களாம். ஒன்றும் வாங்கிக்கொள்ளாத ஆளை மனுஷன் எதை வைத்து நம்புவது?

பையில் மணல் கனத்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.